நான்காவது கட்டம்

எங்கள் நகரசபையின் புகார்ப் பிரிவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'பதினாலு' என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்து வீட்டுக்காரன் தொல்லை என்று யார் வந்து அழுதாலும், கத்தினாலும், மேஜையைத் தட்டினாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "பதினாலு நாள் எழுதிட்டு வாங்க." சொல்லிவிட்டு ஒரு படிவத்தை எடுத்து நீட்டுவார்.

படிவத்தில் நான்கு கட்டங்கள். தேதி, நேரம், என்ன நடந்தது, அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு. முதல் மூன்றை எல்லோரும் ஒழுங்காக எழுதிவிடுவார்கள். நான்காவதில் மட்டும் 'தாங்க முடியவில்லை' என்று பதினாலு நாளுக்கும் ஒரே வரியை எழுதிக்கொண்டு வருவார்கள். அவர் விடமாட்டார்.

"எது தாங்க முடியல? தூக்கம் போச்சா? சாப்பாடு இறங்கலையா? அதை எழுதுங்க. மேல இருக்கறவங்க அதைத்தான் படிப்பாங்க."

இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. இரண்டு முறை பதவி உயர்வு வந்தும், கோப்பெல்லாம் பாதியில் கிடக்கிறது என்று போக மறுத்த பிறவி. நான் பக்கத்து மேஜையில் தபால் அனுப்புகிறவள். நாள் முழுக்க உறை ஒட்டுகிறவளுக்கு அடுத்தவர் வேலையைப் பார்க்க நிறையவே நேரம் உண்டு.

போன வருஷம் அவருடைய அக்காவே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். அக்காவின் கணவர் முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது புறப்படும் என்று சொன்னவர். பக்கவாதம் வந்து கை பிழைத்துவிட்டது, பேச்சு போய்விட்டது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கவேண்டும், முதல் வருஷத்துக்குள் திரும்பாத பேச்சு அப்புறம் திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு மாதத்தில் நாற்பது சொற்கள் வந்திருந்தன. "என் பேர்ல பாதி வந்திருச்சு" என்று அக்கா எங்களிடம் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

இடைஞ்சல் பக்கத்து வீட்டு வண்டித் தரகன். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். மாமா, அதாவது அக்காவின் கணவர், படிக்க உட்காரும் நேரம் பார்த்துப் பழைய பைக்குகளை ஜன்னலுக்கு நேரே நிறுத்தி முறுக்குவான். குப்பைப் பையை இவர்கள் வாசலில் வைப்பான். கேட்டால் வாயில் வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அக்கா பதினாலு நாளும் எழுதிக்கொண்டு வந்தார். நான்காவது கட்டத்தில் 'கஷ்டமாக இருக்கிறது' என்றிருந்தது.

"அக்கான்னா சலுகையா? போய் ஒழுங்கா எழுதிட்டு வா" என்று தம்பி திருப்பி அனுப்பினார்.

மறுநாள் வந்த தாளை அவர் எனக்கும் காட்டினார். 'வண்டிச் சத்தத்தை அவர் பொறுத்துக்கொள்கிறார். குப்பையை நான் அள்ளிவிடுகிறேன். ஒருநாள் மட்டும் அவர் ஒரு சொல்லில் தடுமாறியபோது அந்தப் பக்கத்திலிருந்து அதே மாதிரி இழுத்துச் சொல்லிச் சிரித்தான். அன்று முழுவதும் இவர் வாயைத் திறக்கவில்லை. வேறு எதற்கும் இவர் பயப்படவில்லை, அந்தச் சிரிப்புக்குத்தான் பயப்படுகிறார்.'

"இதுதான் புகார்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

புகாரின் விவரத்தை எதிர்த்தரப்புக்கு அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும் என்பது விதி. வழக்கமாகப் பதினாலு அதைத் தன் கையால் பத்து வரியாகச் சுருக்கி எழுதுவார். நான்காவது கட்டம் அதில் வரவே வராது. ஆனால் சொந்தக்காரர் கோப்பில் ஊழியர் தன் கைப்பட ஒரு வரி எழுதக்கூடாது என்றும் விதி இருக்கிறது. யாரும் விரல் நீட்டிவிடக் கூடாதே என்று அவர் சுருக்கம் எழுதவில்லை. படிவத்தை நான்காவது கட்டத்தோடு அப்படியே நகலெடுத்து உறையில் வைத்தார். உறையை ஒட்டியவள் நான். கனமாக இருக்கிறதே என்று தோன்றியது, ஆனால் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அக்கா வந்தார்.

"வண்டிச் சத்தம் நின்னுடுச்சுடா."

"பாத்தியா! நான் சொல்லல?"

"குப்பையும் இல்ல. காலைல மாமா பேப்பரை எடுத்ததும் அவன் ஜன்னல்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்துக்கறான். மாமா சொல்ற ஒவ்வொரு சொல்லையும் அதே மாதிரி இழுத்துச் சொல்றான். மெதுவாத்தான் சொல்றான். சொல்லிட்டுச் சிரிக்கறான்."

பதினாலு கண்காணிப்பாளர் அம்மாவிடம் ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"வண்டியை நிறுத்திட்டான், குப்பையை நிறுத்திட்டான். தன் வீட்டு ஜன்னல்ல உக்காந்து நாலு சொல் சொல்றவனை எந்த விதியில பிடிக்கறது? நீங்களே சொல்லுங்க சார்" என்றார் அந்த அம்மா. கெட்டவர் இல்லை. அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"மறுபடியும் எழுதச் சொல்லவா?"

"சொல்லுங்க."

அக்கா புதுப் படிவத்தை வாங்கிப்போனார். அதில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. மாமா செய்தித்தாளைத் தொடுவதையே விட்டிருந்தார். பேச்சில்லாத வீட்டைப் பார்த்துத் தரகன் எதைச் சொல்லிச் சிரிப்பான்? எங்கள் நகரசபை ஆய்வாளர் காலை பத்து மணிக்குப் போய்ச் சுவரோரம் அரை மணி நேரம் நின்றார். தரகன் அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகப் பேசியிருக்கிறான். கடைசியில் ஆய்வாளர் மாமாவிடமே கேட்டார், இப்போது தொந்தரவு ஏதும் உண்டா என்று. மாமா ஜன்னலைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தார்.

'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்ற கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். கையெழுத்துப் போட அக்கா வந்தார். தம்பியைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீ கேட்டதாலதான் எழுதினேன். அதுவரைக்கும் எது வலிக்கும்னு அவனுக்குத் தெரியாதுடா."

பதினாலு கடிதத்தை அக்கா பக்கம் நகர்த்தினார். பிறகு, "மாமா பேசறாரா?" என்றார்.

"என்னைக் கூப்பிடணும்னா கை தட்டறார்."

அக்கா போனபின் அவர் கடிதத்தைக் கோப்பில் வைத்து நூல் கட்டினார். சொந்தக்காரர் கோப்பில் எழுதத்தான் கூடாது, நூல் கட்டலாம்.