மாமா விழுங்கிய பேச்சு

என் தாய்மாமா பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசுவார். பணமா பாசமா, மாமியாரா மருமகளா, எதுவானாலும் சரி. சீட்டுக் குலுக்கிப் போட்டு எந்த அணி விழுகிறதோ அந்த அணிக்காக உயிரைக் கொடுத்துக் கத்துவார். வருடம் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீசில் பைல் பார்க்கிறவர், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் காலனியின் பொங்கல் விழாவன்று மட்டும் பெரிய மனிதர் ஆகிவிடுவார்.

அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. கைதட்டலைத் தொடங்கி வைப்பது என் வேலை. ஒருத்தர் தட்டினால் ஊரே தட்டும் என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. முதல் வரிசையில் என்னை உட்கார வைத்துவிடுவார். பேச்சின் நடுவே அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினால் நான் தட்ட வேண்டும். இதற்காக விழாவுக்கு முன்பே மொட்டை மாடியில் ஒத்திகை நடக்கும். நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு தெரியாமல் முழித்தேனே தவிர, மாமாவின் பேச்சு எனக்கு ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடம்.

அந்த வருடம் காலனிச் சங்கத்துச் செயலாளருக்கு மாமியார் மருமகள் அலுத்துப்போயிருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். ‘அண்டை நாடுகளுக்கிடையே மக்கள் தடையின்றிப் போய்வரலாமா, கூடாதா?’ என்று தலைப்புக் கொடுத்தார். மாமாவுக்குக் ‘கூடாது’ விழுந்தது. அவர் கொஞ்சமும் கவலைப்படவில்லை. ஒரே வாரத்தில் பிரமாதமான பேச்சைத் தயாரித்துவிட்டார்.

கவலை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மாமா பீர்க்கன்கரணையில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டிருந்தார். பல் டாக்டரின் கிளினிக்கில் கணக்குப் பார்க்கிற அக்கா. பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். அவருடைய அப்பாதான் சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து மனைவியோடு படகில் அகதியாக வந்து இறங்கியவர். மூத்த மகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்தாராம். அந்த மகள் அங்கேயே வளர்ந்து, கல்யாணமாகி, அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். பேரப்பிள்ளைகளை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார்.

“ஏன் போய்ப் பாக்கல?” என்று அம்மாவைக் கேட்டேன்.

“போனா திரும்பி வர விடமாட்டாங்கடி. அதான் போகாம இருக்காரு.”

இது எனக்கு விளங்கவே இல்லை. பெருங்களத்தூர் போகிற பஸ்தானே அங்கிருந்து திரும்பியும் வருகிறது. போக ஒரு வழியும் வர ஒரு வழியுமாக எங்கேயாவது ரோடு போடுவார்களா என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் மேலும் கேட்டால் முதுகில் ஒன்று விழும் என்பதால் கேட்கவில்லை.

பெண்ணின் அப்பா ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மாமா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெண்ணின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி பேசுறதைக் கேக்க நானும் வாறன். கேட்டுப்போட்டு என்ர முடிவைச் சொல்லுறன்.”

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “டேய், ஜுரம்னு சொல்லிட்டுப் படுத்துக்கோ.”

“நோட்டீஸ்ல பேர் போட்டாச்சுக்கா,” என்றார் மாமா.

அதோடு மாடி ஒத்திகை நின்றுபோனது. பேச்சு நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

விழாவன்று ஷாமியானா பந்தலுக்குள் மூன்றாவது வரிசையில் பெண்ணின் அப்பா, எனக்குத் தாத்தா, வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. ‘போய்வரலாம்’ அணிக்காக ஒரு டீச்சர் முதலில் பேசினார். “பள்ளிக்கரணைக்கு வருகிறதே பூநாரை, அதற்கு யார் விசா கொடுத்தது?” என்று அவர் கேட்டதும் பந்தல் அதிர்ந்தது. நான் தட்டவில்லை. எங்களிடம் இதற்குப் பதில் இருந்தது. பறவையை எப்படியும் இழுப்பார்கள் என்று மாமா முன்பே சொல்லிவைத்திருந்தார்.

மாமா எழுந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். நடுவருக்கு வணக்கம் சொன்னார், எதிரணிக்குச் சொன்னார், பந்தல் போட்டவருக்குக்கூடச் சொன்னார். பிறகு, எல்லை என்பது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று ஆரம்பித்தார். எதிரணியினர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பேச்சில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஒத்திகையில் வந்த தண்ணி லாரியைக் காணோம். கதவைக் காணோம். பூநாரையையும் காணோம். தட்டுவதற்குக் கையைத் தூக்கியவள் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன்.

மறந்துவிட்டார், அவ்வளவுதான். வேர்த்து வழிந்தது அவருக்கு. கண்ணாடி வழுக்கி இறங்கியது. அதை மேலே தள்ளினார். மறந்த வரியை எடுத்துக்கொடுக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டுகிறார் என்று நினைத்து, எழுந்து நின்று உரக்க எடுத்துக்கொடுத்தேன்: “கதவு இருந்தாதான் மாமா அது வீடு. கதவே இல்லேன்னா தாம்பரம் பஸ் ஸ்டாண்டு.”

பந்தலே சிரித்தது. இரண்டு நிமிஷம் கைதட்டல் ஓயவில்லை. மாமா மட்டும் பேய் முழி முழித்தார். எதையோ முணுமுணுத்து, நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் எங்கள் அணி தோற்றது.

விழா முடிந்து எல்லோரும் கேசரித் தட்டோடு நிற்கும்போது தாத்தா எங்களிடம் வந்தார். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, எனக்காகத்தானே பேச்சை விழுங்கினீங்கள்?”

மாமா அசடு வழிந்தார். “உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் ஐயா...”

“நான் வந்து முப்பது வருசம் ஆகப் போகுது. எத்தினை ஆபீஸ், எத்தினை கவுண்டர். போய்வர ஏலாது எண்டு மட்டும்தான் சொல்லுறவை. ஏன் ஏலாது எண்டு ஒருத்தரும் என்னை இருத்தி வைச்சுச் சொன்னதில்லை. நீங்களாவது சொல்லுவீங்கள் எண்டுதான் வந்தனான்.”

மாமா கேசரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். தாத்தா என் பக்கம் குனிந்தார். “பிள்ளை, உனக்கு முழுக்கத் தெரியுமோ?”

எனக்கு வேறென்ன வேண்டும். அம்மா கிள்ளக் கிள்ள, கையை ஆட்டி, ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். இருக்கிற ஒரு தண்ணி லாரிக்கே நாம் குடத்தோடு சண்டை போடுகிறோம் என்றேன். படித்த நம் பிள்ளைகளுக்கே வேலையில்லை என்றேன். நல்லவன் வருகிற வழியில் கெட்டவனும் வருவான் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். “அதுவும் சரிதான்,” என்று ஒரு இடத்தில் சொன்னார். மாமாவின் பேச்சை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கடைசியில் பூநாரைக்கு வந்தேன். மாமா பேச்சை முடிக்கிற இடம் அது. கேள்வியைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் தள்ளுவார். பந்தல் எழுந்து நின்று தட்ட வேண்டும்.

“பூநாரை சீசன் முடிஞ்சா அதோட ஊருக்குத் திரும்பிப் போயிடும். மனுஷன் போவானா?”

கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

“போவான் பிள்ளை,” என்றார் தாத்தா. “திரும்பி வரலாம் எண்டா, நாளைக்கே போய்ப் பாத்துப்போட்டு வந்திடுவான்.”

அம்மா என்னைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டாள். மாமா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சித்திரையில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று தாத்தா சொன்னது அதற்குப் பிறகுதான். நான் ஒப்பித்த அழகுக்குத்தான் பெண் கொடுத்தார் என்று பெரியவளாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. முடிக்கிற இடத்தில் இப்படிக் குறுக்கே பேசினால் யாருக்குத்தான் வராது.

“அது பதில் சொல்ற கேள்வி இல்ல தாத்தா,” என்றேன். “சும்மா கேக்கறது. நீங்க கையத் தட்டணும்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு பெரிதாகத் தட்டினார்.