விருந்தாளிக்குத் தண்ணீர்

அட்டம்போகா என் ஓரகத்தி, கொழுந்தன் அகுருகுவின் மனைவி. போல்கா ஊரில் குடும்பமெல்லாம் சேர்ந்து வாழும் எங்கள் வளவில் அவளைப் போல வேகமாகக் கூடை முடைகிறவள் கிடையாது. அவளைப் போலக் கோபக்காரியும் கிடையாது. அந்தக் கோபம் சும்மா வந்ததல்ல.

மூன்றாவது பையனுக்குப் பத்து மாதம் ஆனபோது அடுத்தது வயிற்றில் தங்கிவிட்டது. கர்ப்பிணியின் பால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். ஒரே நாளில் அவனைப் பால் மறக்க வைத்தார்கள். முடி செம்பட்டையாகி, கால் வீங்கி, சாவின் வாசல் வரை போய்த் திரும்பினான். அவள் அதை மறக்கவேயில்லை.

அதனால்தான் நாலாவது பிள்ளை அயினே பிறந்த மூன்றாம் வாரமே புருஷனையும் இழுத்துக்கொண்டு, அடுத்தது உடனே தங்காமலிருக்க வழி கேட்டுக் கிளினிக்குக்குப் போனாள்.

"ஊசி வேண்டாம் சிஸ்டர். போன தடவை போட்டு மூணு மாசம் ரத்தம் நிக்கல. வேற ஏதாவது சொல்லுங்க."

நர்ஸ் விடா சொன்னாள்: "அப்ப பிள்ளை தங்காம இருக்கத் தாய்ப்பாலே போதும், ஆறு மாசம் வரைக்கும். ஆனா தீட்டு வரக் கூடாது. ராப்பகலா பால் மட்டும்தான் குடுக்கணும், தண்ணிகூடக் கூடாது. இதுல ஒண்ணு தப்பினாலும் அன்னிக்கே வேற வழி பாக்கணும்."

அகுருகு அவளைவிட வேகமாகத் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்தால் வெயில் காலம். எங்களிடம் யார் வந்தாலும் முதலில் கம்பு மாவு கரைத்த தண்ணீர். அதைக் குடித்த பிறகுதான் எங்கிருந்து வருகிறாய் என்றே கேட்போம். பிறந்த பிள்ளையும் தூரத்திலிருந்து வந்த விருந்தாளிதானே? ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

"என்னடி, விருந்தாளியைத் தொண்டை காய வச்சிருக்க? உன் மார்புல கிணறா தோண்டியிருக்கு?"

"ஆமா. உனக்கும் ஒரு குடம் வேணுமா?" என்பாள். கை மட்டும் கூடையை விடாது.

நாலாம் மாதம் தீட்டு வந்துவிட்டது. முடைந்துகொண்டிருந்த கூடையைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். "நான் என்ன தப்புப் பண்ணேன் அக்கா? சொல்லுங்க!" என்று என்னைத்தான் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? கிளினிக்குக்குத் துணைக்குப் போனேன்.

"சில பேருக்குப் பால் மட்டும் குடுத்தாலும் வரும்" என்றாள் விடா. "ஆனா பிள்ளை முன்ன மாதிரி குடிக்கிறானா?"

"இல்ல. காலைல வாயே வைக்க மாட்டேங்கிறான்."

"அப்ப யாரோ வேற ஏதோ குடுக்கிறாங்க."

"எங்க வீட்டுலயா? சத்தியமா இல்ல!"

மேசையில் கலர் பாசிமணி மாலை ஒன்று கிடந்தது, பிள்ளை தங்காத நாள் எது என்று எண்ணிப் பார்ப்பதற்கு. "எனக்கு அதைக் குடுங்க" என்றாள் அட்டம்போகா.

"இப்ப ஆகாதும்மா. நாலு தீட்டாவது வந்து, அதுவும் மாசாமாசம் ஒழுங்கா வந்தாத்தான் பாசி. அதுவரைக்கும் இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட குடு." ஆணுறைப் பொட்டலம்.

"எதைக் கேட்டாலும் ஆகாது, ஆகாது!" வழி நெடுக மண்ணை உதைத்துக்கொண்டே வந்தாள். பொட்டலத்தைப் பார்த்த அகுருகு, "கட்டின பொண்டாட்டிகிட்டயா இது?" என்று திரும்பிக்கொண்டான்.

மறுநாள் விடியலில் அடிபம்பு ரிப்பேர். அட்டம்போகா காலிக் குடத்தோடு பாதியில் திரும்பினாள். வாசலில் அகுருகு மடியில் அயினே. அகுருகு மாவுத் தண்ணீரில் விரலை நனைத்து நனைத்துப் பிள்ளை வாயில் விட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா?"

"பேர் வச்ச நாள்லேருந்து. ரெண்டு சொட்டுதான்டி. என் வீட்டுக்கு வந்தவன் வாய் காஞ்சு கிடக்கிறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்குமா?"

அவள் கத்தவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

சாயங்காலம் எல்லாரும் முற்றத்தில் இருக்கும்போது அகுருகுவின் பாயைத் தன் அறை வாசலுக்கு வெளியே விரித்தாள். சுரைக்குடுக்கை நிறைய மாவுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க. இனிமே நீங்கதான் விருந்தாளி. விருந்தாளி என் அறைக்குள்ள வந்து படுக்க மாட்டாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"பாசிமணி வர்ற வரைக்கும். இல்ல, அந்தப் பொட்டலத்தை வாங்கிக்குங்க. மூணாவது பையனுக்கு நடந்தது இவனுக்கு நடக்க விட மாட்டேன்."

முற்றமே சிரித்தது. "நல்லா வேணும் இவனுக்கு!" என்று எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன்.

அவள் உள்ளே போய் இன்னொரு சுரைக்குடுக்கையோடு வந்தாள். நேரே என் முன்னால் வைத்தாள்.

"நீங்களும் குடிங்க அக்கா. பகல்ல பம்புக்குப் போகும்போதெல்லாம் உங்ககிட்டதானே விட்டுட்டுப் போனேன்."

ஐந்து தடவையோ ஆறு தடவையோ. பிள்ளை அழுதான், நானும் மாவுத் தண்ணீர் கொடுத்தேன். அன்று சுவரில் கூடையை அடித்துவிட்டு அவள் கேட்டபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அயினேயை அதன் பிறகு அவள் என்னிடம் விட்டுப் போகவில்லை.