எந்தத் தவறணை

அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்கே திரும்பிப் போவதாக முடிவாகிவிட்டது. கப்பலுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. கொழும்பில் இருந்த அண்ணனைக் கூட்டிவர என்னை அனுப்பினார்கள். அவர் ஒரு சாராயத் தவறணையில் கிளாஸ் கழுவுகிறார் என்பது மட்டும்தான் தெரியும். அது போதும் என்று நினைத்தேன். எங்கள் மலைநாட்டுப் பக்கம் பத்துத் தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரே தவறணைதான்.

கொழும்பில் மருதானை ஸ்டேஷனில் இறங்கி ஒரு ரிக்‌ஷாக்காரரிடம் வழி கேட்டேன்.

"எந்தத் தவறணை?" என்றார்.

"சாராயம் விக்கிற தவறணைங்க."

"அப்ப பால் விக்கிற தவறணையும் இருக்கா?" என்று சிரித்தார்.

கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு என்று இரண்டு நாள் நடந்தேன். ஒவ்வொரு தவறணையிலும் அண்ணன் பேரைச் சொன்னேன். அந்தப் பேரில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவரும் அண்ணன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் மலைநாட்டு ஆட்கள் கூடுவார்கள் என்றார்கள். அங்கேயும் போனேன். பங்களாக்களில் வேலை செய்கிறவர்கள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனை யாருக்கும் தெரியவில்லை. என்னிடம்தான் அவரவர் தோட்டத்தை விசாரித்தார்கள்.

"நான் சொகமா இருக்கேன்னு எங்கம்மாகிட்ட சொல்லிருங்க தம்பி" என்று ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஆறு பேர் என்னிடம் வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கு மேல் தங்க நாள் இல்லை. ரயில் ஏறினேன்.

தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்கடா அவன்?"

"ஊரு ரொம்பப் பெருசும்மா."

"பேரச் சொல்லிக் கேட்டியாடா?"

கேட்டேன் என்று சொன்னேன்.