வெள்ளிக்குச் சேலையா, தாடியா?

மூன்று ஞாயிறுகளுக்கு முன், காலை பத்தே காலுக்கு, நான் ஒரு தவறு செய்தேன். எதையும் நேரத்தோடு குறித்து வைப்பது என் பழக்கம். தவறுக்கு மட்டும் விலக்கு உண்டா என்ன?

டெக்சாஸின் காப்பெல் ஊரில் நாங்கள் சிலர் நடத்தும் தமிழ் வகுப்பில் ஆண்டுவிழா நாடகம் — வாரத்தின் ஏழு நாட்களாக ஏழு குழந்தைகள். வேடம் பிரித்தவன் நான். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். ரோமாபுரிக் கதைகளைத் தேடித் தேடிப் படித்தவன். செவ்வாய் என்றால் மார்ஸ், போர்க்கடவுள், ஆண். வெள்ளி என்றால் வீனஸ், காதல் தேவதை, பெண். நிலவும் அங்கே பெண்தான். ஆக, திங்களும் வெள்ளியும் இரண்டு சிறுமிகளுக்கு, மற்ற ஐந்தும் பையன்களுக்கு. யோசிக்கவே இல்லை.

பதினொரு வயது மீனு கை தூக்கினாள். "அங்கிள், ஐ வான்ட் செவ்வாய்."

"அவன் சண்டைக்காரன்மா. நீ வெள்ளி. ஜிகினா டிரெஸ் உண்டு."

"தென் ஐ ஆம் நாட் கமிங்." பையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போயே விட்டாள்.

அவள் அம்மா கல்பனா மருந்தகத்தில் வேலை பார்ப்பவர். வேடங்கள் எழுதிய என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"வெள்ளி எப்படி அங்கிள் பொண்ணு? சுக்கிரன் ஆம்பளை. அசுரங்களுக்கு வாத்தியார். ஒரு கண்ணு கிடையாது."

"நிலா?"

"சந்திரனா? அவருக்கு இருபத்தேழு பொண்டாட்டி."

"அப்போ உங்க ஏழுல பொண்ணு யாரு?"

"ஒருத்தரும் இல்ல. உங்க ரோம்லயாவது ரெண்டு சீட் குடுத்திருக்காங்க."

சிரித்தேன். வீட்டுக்கு வந்தும் அது என்னை விடவில்லை. ஏழு நாட்களும் அங்கேயும் இங்கேயும் ஒரே வரிசை. எந்தக் கப்பலில் ஏறி வந்ததோ... ஆனால் மாலையில் மேற்கே மின்னும் ஒரே வெளிச்சத்தில், அவர்கள் கைக்கண்ணாடியோடு ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். நாம் தாடி வைத்த ஆசிரியரைப் பார்த்தோம். வானம் ஒன்றுதான். சேலை கட்டியதும் தாடி ஒட்டியதும் மனிதர்கள்.

எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறார்கள் பாருங்கள். இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் அம்பு முளைத்த வட்டம் ஆண், கீழே சிலுவை தொங்கும் வட்டம் பெண் — மார்ஸின் ஈட்டியும் வீனஸின் கண்ணாடியும்தான் அவை என்பார்கள். ரோமாபுரி போய்விட்டது. அது பிரித்த வேடம் மட்டும் டெக்சாஸில் ஒரு சிறுமியைக் காருக்கு விரட்டுகிறது. மலைப்பாக இல்லை?

கல்பனாவுக்குப் போன் செய்தேன். "மாத்திடறேன். ஆனா பொண்ணுக்குச் செவ்வாய் வேஷம்னா... உங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"எனக்குச் செவ்வாய் தோஷம் அங்கிள். நாலு வீட்ல ஜாதகத்தைப் பாத்துட்டே வேணாம்னுட்டாங்க. என் மூஞ்சியைக்கூடப் பாக்கல. மீனுவுக்கும் அதே கட்டம்தான். அவ செவ்வாயாவே நிக்கட்டும்."

செவ்வாயாக இருந்த கெவினிடம் சுக்கிரன் கதையைச் சொல்லி, தயங்கித் தயங்கிக் கேட்டேன், வெள்ளியாக மாறுகிறாயா என்று. "ஒரு கண்ணு இல்லையா? பைரேட் மாதிரி பேட்ச் போடலாமா?" என்றான். முடிந்தது.

நேற்று விழா. சிவப்புச் சட்டையில் மீனு நடு மேடைக்கு வந்து நின்றாள். "நான் செவ்வாய். என்னைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்."

நான் எழுதிக் கொடுத்த வசனத்தில் அந்த இரண்டாவது வரி இல்லை.