பெருமாள்மலையில் நான் சொன்ன சாட்சி

எனக்குப் பைத்தியம் பிடித்தது பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில், பட்டப்பகலில், மைக் வைத்து. அதற்கு முன்பு நான் கீழே சமவெளியில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டும் கேரட்டும் விளைகிற மலைக் கிராமம். காய்கறி மூட்டைகளைத் தவிர எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் கீழே இறங்கியது நான் ஒருத்திதான் என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்தப் படிப்பில் முகாம் என்று ஒன்று உண்டு. மாணவர்கள் ஏதாவது ஒரு பகுதியில் போய்த் தங்கி, அங்கிருக்கிற மக்களுக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். மக்கள் கேட்டார்களா என்பது முகாமில் சேராது. அந்த வருடம் எங்களுக்கு மனநல விழிப்புணர்வு என்ற தலைப்பு வந்தது. மலை மக்களிடம் விழிப்புணர்வு குறைவு என்று சொல்லி எங்கள் பேராசிரியை கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். ஏரியில் படகுச் சவாரிக்கும் அதே பயணத்தில் ஏற்பாடு செய்திருந்தார்.

பெருமாள்மலையில் வீதி நாடகம் போடுவது என்று முடிவானது. மலைப்பாதை பிரிகிற இடம், எந்த நேரமும் பஸ்ஸுக்கு ஆள் நிற்கும். கதை எளிமையானது. ஒரு பெண்ணுக்கு மனநோய் வருகிறது. பேய் என்று நினைத்து வேப்பிலையால் அடிக்கிறார்கள். பிறகு டாக்டர் வந்து மாத்திரை கொடுக்கிறார். குணமானதும் அவள் மைக்கைப் பிடித்துக் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறாள். டாக்டர் வேடத்துக்கு அடிதடியே நடந்தது. பூசாரிக்குக்கூட ஆள் கிடைத்தது. பைத்தியத்துக்கு மட்டும் ஒருத்தியும் முன்வரவில்லை. "போட்டோ எடுத்துப் போட்டுருவாங்கடி, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல பார்த்தா?" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். முந்தின வாரம்தான் அவள் மனநோயாளிகளை ஒதுக்காதீர்கள் என்று சார்ட் வரைந்து பரிசு வாங்கியிருந்தாள்.

பேராசிரியை என் பக்கம் திரும்பினார். "நீதாம்மா இந்தப் பக்கத்துப் பொண்ணு. உனக்குத்தான் நேச்சுரலா வரும்" என்றார். பேச்சு நேச்சுரலாக வரும் என்றாரா, பைத்தியம் நேச்சுரலாக வரும் என்றாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில் பேசும்போது என் சொந்த ஊர்ப் பேரையே சொல்லச் சொன்னார். அப்போதுதான் மக்கள் ரிலேட் பண்ணுவார்களாம்.

நான் நன்றாக நடித்தேன். இதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தலையை விரித்துப்போட்டு ரோட்டில் புரண்டேன். பஜ்ஜிக்கடைக்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். டாக்டர் வந்து மாத்திரை கொடுத்த பிறகு எழுந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு, மைக்கில் என் ஊர்ப் பேரைச் சொன்னேன். "எனக்கு மனநோய் இருந்துச்சு. மாத்திரை சாப்பிட்டேன். இப்ப நல்லா இருக்கேன். நீங்களும் பயப்படாம வாங்க" என்றேன். பயங்கரமான கைதட்டல். பேராசிரியை கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எங்கள் மலையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, என் ஊர் இது, எனக்கு இந்த நோய் இருந்தது, இப்போது குணமாகிவிட்டது என்று சொன்னால் அதற்குச் சாட்சி என்று பெயர். ஜெபக்கூட்டங்களில் சொல்வார்கள். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் இடத்திலும் சொல்வார்கள். சாமி கும்பிடுகிற எங்கள் ஊர்க்காரர்களும் கொடைக்கானலுக்குச் சாமான் வாங்கப் போகும்போது நின்று கேட்டுவிட்டு வருவார்கள். சாட்சியில் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தன் உடம்புக்கு இல்லாத நோயை இருக்கிறது என்று நடுரோட்டில் யார் சொல்லுவார்? பேய், பூசாரி, டாக்டர் எல்லாம் நாடகம் என்று ஜனங்களுக்குப் புரிந்தது. மைக்கைப் பிடித்ததும் நாடகம் முடிந்தது, இனி இந்தப் பெண் தன் சாட்சியைச் சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர் பஸ்ஸுக்கு நின்றவர்கள்.

முகாம் முடிந்து நான் வீட்டுக்குப் போனபோது அம்மா அரிவாளை ஒளித்து வைத்திருந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேத்தா" என்று அழுதாள். விஷயம் புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அதைப்போல் தப்பான காரியம் வேறில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"அது நாடகம்ப்பா" என்றேன்.

"ஆமா தாயி, நாடகந்தான். நீ மொதல்ல உக்காரு" என்றார் அப்பா. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஊரே நல்லவிதமாக நடந்துகொண்டது. யாராவது கல்லெறிந்திருந்தால் திருப்பி எறிந்திருப்பேன். இவர்களோ என்னிடம் சொல் சொல்லாக நிறுத்திப் பேசினார்கள். நான் தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். காட்டில் பூண்டு பிடுங்கப் போனால், "ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி, நெழல்ல இரு" என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் கோபப்பட்டால் நோய் முற்றிவிட்டது. அழுதால் இன்னும் முற்றிவிட்டது. பேசாமல் இருந்தால் நோய் மாத்திரைக்குக் கேட்கிறது என்றார்கள். படித்துப் படித்துத்தான் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்து அப்பா என் படிப்பை நிறுத்தினார்.

எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. வாத்தியார்கள் சொன்னால் அப்பா கேட்பார். பேராசிரியை ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்விடலாம். போன் செய்தேன்.

"எனக்கு நோய் இல்லைன்னு எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்."

"அப்படிச் சொன்னா என்ன மெசேஜ் போகும்மா? மனநோய்னா கேவலம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?"

"ஊரே நம்புது மேடம்."

"நம்பட்டுமே. அதுல என்ன அவமானம்? ஸ்டிக்மா பத்தி நீயே செமினார் எடுத்தியே, மறந்துட்டியா?"

நான் கத்தினேன். பூண்டுக் காட்டில் மாட்டைத் திட்டுகிற வார்த்தை ஒன்று வாயில் வந்துவிட்டது. பேராசிரியை அப்பாவின் அதே மெதுவான குரலில், "நீ இப்ப ரொம்ப டிஸ்டர்ப்டா இருக்க. மூச்சை நல்லா இழுத்து விடு" என்றார். அடுத்த வாரம் கல்லூரியின் மாணவர் நல மையத்திலிருந்து அப்பாவுக்கே போன் வந்தது. என் நன்மைக்காக நான் ஒரு வருடம் ஓய்வெடுப்பது நல்லதாம். "பாத்தியா தாயி, காலேஜே சொல்லுது" என்றார் அப்பா. பட்டத்தை நான் பல வருடம் கழித்துத் தபால் வழியில்தான் வாங்கினேன்.

பக்கத்து வீட்டில் எனக்கு ஒரு மதினி. பெரியப்பா மகனின் மனைவி. கைக்குழந்தைக்காரி. பிள்ளை அழுதால்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள், அவ்வளவு சோம்பேறி என்று ஊரில் பேச்சு. என் கோபமே எனக்குப் பெரிதாக இருந்ததால் நானும் அவளைக் கவனிக்கவில்லை. ஒரு மத்தியானம் நான் பூண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தபோது பிள்ளையோடு வந்து, கதவைச் சாத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒனக்கு எந்த மாத்திரை குடுத்தாங்க?" என்றாள்.

"மதினி, அது நாடகம். எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஊருக்கு அப்படித்தான் சொல்லணும். எனக்குத் தெரியும். எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லு புள்ள." குரலை இறக்கினாள். "மேக்காட்டு வரப்புல நின்னா, இவனக் கீழ போட்டுட்டு நானும் போயிரலாம்னு தோணுது. தூக்கமே இல்ல. கண்ண மூடுனாலும் அந்தச் சரிவுதான் தெரியுது. ஒனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

எனக்கு நோய் இல்லை என்று கேட்பார் கேளாதார் எல்லோரிடமும் அத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருந்தேன். அதையே இவளிடமும் சொன்னால் எழுந்து போய்விடுவாள். போனால் எங்கே போவாள் என்று இப்போதுதான் சொல்லியிருந்தாள். அவள் மேல் ஆத்திரமாக வந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்க என் வாயிலிருந்துதானா இதைப் பிடுங்க வேண்டும்?

"ஆமா மதினி. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றேன்.

கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள் மனநல டாக்டர் வருவார். வெளியே தெரிந்தால் தன்னைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மதினி நடுங்கினாள். அதனால் நானே அம்மாவிடம் போய், என்னை டாக்டரிடம் காட்ட வேண்டும், துணைக்கு மதினி வரட்டும் என்றேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்தாள். நோயாளி தன் நோயை ஏற்றுக்கொள்வதே முதல் படி என்று எங்களுக்குப் பாடம் உண்டு. அம்மா படிக்காமலே அதில் தேறியிருந்தாள்.

"யாருக்கு?" என்று டாக்டர் கேட்டதும் மதினி என்னைக் காட்டினாள். நான் அவளைக் காட்டினேன். டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "யாருக்குத் தூக்கம் வரலை?" என்றார். மதினி உடைந்து அழுதாள். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு இப்படி வரும், சரியாகிவிடும் என்று பொறுமையாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார். குழந்தையுடன் அவளைத் தனியாக விடக்கூடாது என்று என்னிடம் அழுத்திச் சொன்னார்.

மாத்திரை எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்தது. தூக்கம் கெடுகிறது என்று சொல்லி இரவில் குழந்தையை மாமியாரிடம் படுக்க வைத்தாள். பகலில் மதினி அவனையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவன் என் மடியிலேயே கிடந்தான். என் முடியைப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொண்டான், என் விரலைக் கடித்துத்தான் பல் முளைத்தது. சாயங்காலம் அவள் மாத்திரையை விழுங்குவாள், நான் தண்ணீர் கொடுப்பேன். ஊர் இதை வேறு மாதிரி பார்த்தது. "தங்கமான புள்ள. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு, தெனமும் வந்து இவளுக்கு மாத்திரை குடுத்துட்டுப் போறா" என்று மதினியைப் புகழ்ந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அடக்கம் என்று அதற்கும் ஒரு புகழ்ச்சி கிடைத்தது.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் தேறினாள். தலை வாரினாள், பிள்ளைக்கு மை வைத்தாள், அண்ணனைத் திட்டத் தொடங்கினாள். ஒரு நாள் வெள்ளனே குழாயடியில் குடத்துக்காக அவள் போட்ட சண்டை தெருக்கோடி வரை கேட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று சாயங்காலம் அடுக்களையில் அவளிடம் கேட்டேன்.

"மதினி, நீங்கதான் நல்லாயிட்டீங்களே. ஊருக்குச் சொல்ல வேணாம். எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லுங்க. யாருக்காக ஆஸ்பத்திரிக்குப் போனோம்னு. நான் படிக்கப் போகணும்."

மதினி தம்ளரைக் கீழே வைத்தாள். "என்ன புள்ள சொல்ற? நான் ஒனக்குத் துணைக்குத்தான வந்தேன்?" என்றாள்.

அடுக்களையில் எங்கள் இரண்டு பேரையும் குழந்தையையும் தவிர யாரும் இல்லை. யாரும் கேட்காத இடத்திலேயே அவளுக்கு அதைச் சொல்ல முடிந்தது.

பிள்ளைக்குப் பழனியில் மொட்டை அடித்து, ஊரில் காது குத்தினார்கள். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. காதில் வலி, கூட்டம், புது முகங்கள் என்று அவன் கதறிக்கொண்டிருந்தான். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் தாவினான். நானும் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். பட்டுச்சேலையில் இருந்த மதினி அவனைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"அவகிட்டக் குடுக்காதீங்க. பாவம், எப்ப எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது" என்றாள். ஊரார் என்னிடம் பேசுகிற அதே மெதுவான, அன்பான குரல். முழுக் குணம் என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அம்மா வந்து என் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் அழுகை கேட்டது.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் சாயங்காலம் மதினி வழக்கம்போல வந்தாள். பிள்ளையைக் கொண்டுவரவில்லை. நான் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுத்து அவள் கையில் வைத்தேன். தண்ணீரும் கொடுத்தேன். விழுங்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கே பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மாவிடம், "அவ தின்னுட்டா அத்தை, கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.