பின்சுவரில் ஒரு வழி

புயல்மழை ஓய்ந்ததும், நிவாரணத்துக்காகச் சேதமான வீடுகளைக் கணக்கெடுக்கக் கரியாலூர்ப் பக்கம் என்னை அனுப்பினார்கள். ஓடையோரத்து மண்வீடுகளில் ஒன்று மட்டும்தான் நின்றிருந்தது. அதன் பின்சுவரிலும் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை.

“வெள்ளம் இடிச்சிடுச்சாம்மா?” என்று வீட்டுக்காரப் பெண்ணிடம் கேட்டேன்.

“இல்லீங்க சார், நான்தான் இடிச்சேன்.”

புருஷன் கரும்பு வெட்டக் கச்சிராயபாளையம் போயிருந்தான். அக்கம்பக்கத்தார் முன்பே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று இவள் தங்கிவிட்டாள். மலைத்தண்ணீர் முன்வாசலில் புகுந்து இடுப்பளவு ஏறியதும், அதையும் மூத்த பிள்ளையையும் பரண்மேல் ஏற்றிவிட்டுக் கடப்பாரையை எடுத்திருக்கிறாள்.

“தண்ணி வந்துகினே இருக்குது, போவ வழியில்லன்னா வூடே வுழுந்துடும். மேல பசங்க இருக்குதுங்க. வேற இன்னா சார் பண்றது?”

ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தேன். தினைவயலைப் பிளந்து, ஜீப் அளவு பாறைகளைப் புரட்டிப் போட்டபடி வெள்ளம் போன தடம் பள்ளத்தாக்குவரை தெரிந்தது. அதற்கு நடுவே இவள் நின்று சுவரை இடித்திருக்கிறாள். அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

“நானே இடிச்சதுக்கும் எழுதுவீங்களா சார்?” என்று தயங்கிக் கேட்டாள்.

“எழுதுறேம்மா,” என்றேன். புயல் சேதம் என்றே எழுதினேன்.