ரெண்டு, நாலு, ஆறு, எட்டு

ஜெராக்ஸ் அக்காவுக்குப் பயம் ஒன்றும் புதிதல்ல. லிஃப்டில் ஏறப் பயம், ஊசி போடப் பயம், கணவர் ஓட்டும் பஸ் கொஞ்சம் தாமதமாக வந்தால் அதற்கும் பயம். ஆனால் அறக்கட்டளையிலிருந்து அந்த ஃபோன் வந்த பிறகு பிடித்துக்கொண்ட பயம் வேறு ரகம். அது வயிற்றுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

பேசியவர் நிதிப் பிரிவு மேடம். தன்மையான குரல்தான், குறை சொல்ல முடியாது.

"வெள்ளிக்கிழமை உங்க வகுப்பைப் பார்க்க வர்றேன்மா. அடுத்த வருஷமும் நிதி தரலாமா வேணாமான்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவோம். முக்கியமா பாதுகாப்பைப் பார்ப்போம். போன மாசம்கூட ஒரு இடத்துல வகுப்பையே மூடிட்டோம். சொல்லிக்கொடுக்கிறவங்களுக்கு எல்லாரோட ஃபோனையும் திறக்கிற பின் நம்பர் தெரிஞ்சிருக்கு. என்ன அநியாயம் பாருங்க!"

"அநியாயம்தான் மேடம்" என்றாள் அக்கா. இவளுக்கும் வகுப்பில் எல்லாருடைய நம்பரும் தெரியும். இவளுக்கு மட்டுமா? அங்கே படிக்க வருகிற அத்தனை பேருக்கும் அத்தனை பேருடைய நம்பரும் தெரியும். ஏனென்றால் எல்லாருக்கும் ஒரே நம்பர்.

சிரிக்காதீர்கள். அவள் அவ்வளவு முட்டாள் இல்லை.

பாதி வாழ்க்கையை ஜெராக்ஸ் கடையில் கழித்தவள் அவள். மின்சார அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் கடை. எந்தப் பக்கம் போகிறவர்களும் ஒரு காகிதத்தை நீட்டி, "அக்கா, இதுல ரெண்டு எடுத்துட்டு, இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க" என்பார்கள். பிரதி எடுப்பதற்குத்தான் காசு. படித்துச் சொல்வது இலவசம். பிறகு எல்லாக் காகிதமும் ஃபோனுக்குள் போய்விட்டது. கடை முதலாளி இயந்திரத்தை விற்றுவிட்டு ஜூஸ் கடை போட்டார். அக்கா வீட்டில் உட்கார்ந்தாள்.

அந்த வருஷம்தான் அவள் அண்ணன் போனார். இதயத்தில் அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மனிதர். முறை வந்துவிட்டது, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனை ஃபோனுக்குச் செய்தி அனுப்பியிருந்தது. அண்ணனுக்கு எல்லாச் செய்தியும் ஒன்றுதான். லோன் வேண்டுமா, பரிசு விழுந்திருக்கிறது, எல்லாம் ஒரே குப்பை. அதையும் குப்பை என்றே விட்டுவிட்டார். முறை அடுத்தவருக்குப் போனது. அண்ணன் திரும்ப வரிசையில் நின்றார், அந்த வரிசை முடியும்வரை இருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் அவருடைய ஃபோனைத் துடைத்து வைக்கும்போதுதான் அக்கா அந்தச் செய்தியைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் அறக்கட்டளையிடம் நிதி கேட்டாள். ஃபோனும் கணினியும் கைக்கு எட்டாதவர்களுக்காக ஊர்க்காரர்களே ஏதாவது செய்தால் பணம் தருவதாக அறிவித்திருந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இந்தக் கூத்தைக் கேளுங்கள்: அந்த விண்ணப்பத்தை இணையத்தில் மட்டும்தான் போட முடியும்! நீந்தத் தெரியாதவர்களுக்கு உதவி வேண்டுமா, அக்கரைக்கு நீந்தி வந்து கேளுங்கள் என்கிற மாதிரி. ஃபோனுக்கு ஒரு எண் வரும். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் அது செத்துப்போகும். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகப் போட்டு முடித்தாள். நிதியும் கிடைத்தது. பஸ் டிப்போவில் டயர் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து வாடகைக்கு எடுத்தாள். இன்றும் மழை பெய்தால் அங்கே ரப்பர் வாடை வரும்.

வந்தவர்களெல்லாம் முதல் வாரத்திலேயே நம்பரை மறந்தார்கள். வீட்டுக்குப் போனால் ஃபோன் பூட்டிக்கொள்ளும், பேரன் பேத்தியிடம் திட்டு வாங்குவார்கள், மறுநாள் வகுப்புக்கே வரமாட்டார்கள். அக்கா யோசித்தாள். எல்லாருக்கும் ஒரே நம்பர் வைத்தாள். வகுப்பு தொடங்கும்போது வாய்ப்பாடு மாதிரி எல்லாரும் சேர்ந்து, "ரெண்டு, நாலு, ஆறு, எட்டு!" ஃபோன்கள் டக்கென்று திறக்கும். அப்புறம் ஒருத்தரும் மறக்கவில்லை.

அது ஒருநாள் உயிரையும் காப்பாற்றியது. தையல்காரர் வகுப்பிலேயே மயங்கி விழுந்தார். அவருக்கும் இதயத்தில்தான் கோளாறு, அவரும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறவர். அக்கா அன்று டீ வாங்கப் போயிருந்தாள். இஸ்திரி போடுகிற அம்மா, அதுவரை தன் ஃபோனையே பயந்து பயந்து தொடுகிறவள், அவருடைய ஃபோனைத் திறந்து அவர் மகனையும் ஆம்புலன்ஸையும் கூப்பிட்டுவிட்டாள். நம்பர் தெரிந்திருந்ததால்தானே முடிந்தது?

ஆனால் இதையெல்லாம் நிதி மேடத்திடம் சொல்ல முடியுமா? ஒரு திருடன் டிப்போ ஜன்னலோரம் நின்று காது கொடுத்தால் போதும், அத்தனை வீட்டுப் பணப்பெட்டியும் திறந்துகொள்ளும். அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் நாளை பார்ப்போம், நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போட்டவள் அவள்தான்.

"ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது? உன்னைத் தூக்குலயா போடப்போறாங்க?" என்றார் கணவர்.

"ரூமை மூடிட்டா அந்த ஜனமெல்லாம் எங்கேங்க போகும்? அண்ணன் மாதிரி ஆயிடும்ங்க."

அவர் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

மறுநாள் வகுப்பில் கதவைச் சாத்திவிட்டு அக்கா விஷயத்தை உடைத்தாள். மேடம் வரப்போகிறார், இந்த நம்பர் அவர் காதில் விழுந்தால் அறைக்குப் பூட்டுத்தான். எல்லாரும் இப்போதே மாற்ற வேண்டும். புது நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது.

"உங்ககிட்டயுமா?" என்று கேட்டாள் இஸ்திரியம்மா.

"எங்கிட்ட முக்கியமா சொல்லாதீங்க!"

அரைநாள் போராட்டம். ஒவ்வொருவராக மாற்றினார்கள். தையல்காரர் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"மாத்திட்டீங்களாய்யா?"

"மாத்திட்டேன்மா, மாத்திட்டேன்" என்றார், ஃபோனைச் சட்டைப் பையில் போட்டபடி.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். அக்கா அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேடம் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து விசாரித்தார். இஸ்திரியம்மா கரண்ட் பில் கட்டிக் காட்டினாள். காய்கறிக்காரர் பஸ் டிக்கெட் எடுத்துக் காட்டினார். எல்லாரும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நம்பர் போட்டார்கள். மேடம் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அக்காவுக்கு இப்போதுதான் மூச்சே வந்தது.

அப்போது தையல்காரரின் ஃபோன் மணியடித்தது. திரை பூட்டியே இருந்தது, ஆனால் செய்தியின் தலைப்பு மேலே தெரிந்தது. அவர் அதை அக்காவிடம் நீட்டினார். 'அறுவை சிகிச்சைக்கு இடம் காலியாகியுள்ளது. பதினைந்து நிமிடத்துக்குள் ஏற்கவும். தவறினால் அடுத்தவருக்கு...'

அண்ணனுக்கு வந்த அதே செய்தி.

"திறங்கய்யா! சீக்கிரம் திறங்க!"

தையல்காரர் நான்கு எண்களைத் தட்டினார். தவறு என்றது ஃபோன். திரும்பத் தட்டினார். தவறு. அறையில் எல்லாரும் எழுந்து சுற்றி நின்றுவிட்டார்கள்.

"பொறந்த வருஷமா?" "வீட்டு நம்பரா இருக்கும்!" "ஐயா, நல்லா யோசிங்க!"

மேடம் தன் ஃபோனில் மருத்துவமனையைக் கூப்பிட்டார். பதிவு செய்த குரல், எங்கள் செயலியைப் பயன்படுத்துங்கள் என்று ராகம் போட்டது. காய்கறிக்காரர், "ஓடிப் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?" என்றார். மருத்துவமனை பாலத்துக்கு அந்தப் பக்கம், சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

தையல்காரர் இன்னும் தட்டினார். ஃபோன் ஒரு நிமிடம் பூட்டிக்கொண்டது. நான் கொன்றுவிட்டேன், நல்லா இருந்த நம்பரை மாற்றச் சொல்லி இந்த மனுஷனையும் நானே கொன்றுவிட்டேன் என்று அவளுக்கு உள்ளே அலறியது. இன்னும் ஒரு தப்பு நடந்தால் அரைமணி நேரம் பூட்டிக்கொள்ளும்.

பூட்டு விட்டது. தையல்காரர் விரலைக் கொண்டுபோனார். அப்போதுதான் அக்கா பார்த்தாள். மறந்துபோனவர் விரல் இப்படியா போகும்? மறந்தவர்கள் திணறுவார்கள், எண்களின் மேல் அலைவார்கள். இவர் விரல் பழக்கத்தில் நேராக மேல்வரிசைக்கு, இரண்டுக்குப் போயிற்று. அங்கே ஒரு கணம் நின்றது. மேடத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். விரல் கீழே இறங்கி ஒன்பதுக்கு வந்தது.

இந்த மனிதர் நம்பரை மாற்றவே இல்லை. அறையை மூடிவிடக் கூடாதென்று, தெரிந்தே தப்புத் தப்பாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. அவர் அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், வேண்டாம் என்று.

"அட கிறுக்கு மனுஷா!" என்று கத்திவிட்டாள் அக்கா. பயத்தில் குரல் கீச்சென்று வந்தது. மேடத்துக்கு நேராக நின்று, அழுதுகொண்டே, வகுப்பு தொடங்கும்போது சொல்கிற அதே ராகத்தில் சொன்னாள்.

"ரெண்டு... நாலு..."

இஸ்திரியம்மா மேடத்தைப் பார்த்தாள், தையல்காரரைப் பார்த்தாள். பிறகு, "ஆறு" என்றாள். "எட்டு!" என்றது அறை மொத்தமும்.

ஃபோன் திறந்துகொண்டது. அக்கா அவர் விரலைப் பிடித்தே பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஏற்கப்பட்டது என்று வந்தது. தையல்காரர் நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். காய்கறிக்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மேடம் நின்ற இடத்திலேயே நின்றார். "எல்லாருக்கும் இதே நம்பரா?"

"இந்த வாரம் வரைக்கும் அதுதான் மேடம். நான்தான் வச்சேன். இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

"நான் இதை எழுதித்தான்மா ஆகணும்." அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்க" என்றாள் அக்கா.

மேடம் எழுதினார். உயிர் தப்பிய கதையையும் சேர்த்து, கூடுமானவரை நல்லபடியாகத்தான் எழுதினாராம். இருந்தும் நிதி நின்றது. டிப்போக்காரர்கள் அறையில் மறுபடியும் டயரை அடுக்கினார்கள். அக்கா மாலையில் இஸ்திரியம்மாவின் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். தேடி வருகிறவர்களுக்கு அங்கேதான் வகுப்பு.

ஒருநாள் அவள் ஃபோனில் வீடியோ அழைப்பு வந்தது. அவளுக்கு எடுக்கவே பயம், என்ன செய்தியோ என்று. எடுத்தால், திரை முழுக்க ஒரு மூக்கு. ஃபோனைத் தள்ளிப் பிடித்ததும் தையல்காரரின் முகம் வந்தது, பின்னால் மருத்துவமனைத் தலையணை. சட்டைப் பட்டனுக்கு மேலே கட்டு தெரிந்தது.

"யாரும்மா ஃபோன் போட்டுக் கொடுத்தாங்கன்னு பார்க்கிறியா? நானே போட்டேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நம்பரை மாத்திட்டீங்களாய்யா? உண்மையைச் சொல்லுங்க."

"மாத்திட்டேன். இந்தத் தடவை நெஜமா."

"மறந்துட மாட்டீங்களே?" பழைய பயம் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. "என்ன நம்பர்யா வச்சிருக்கீங்க?"

தையல்காரர் அவளை உற்றுப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கிட்ட முக்கியமா சொல்லக் கூடாதாமே" என்றார்.